செண்பகனூர் சுற்றுப்பாதையில் எதிரெதிரே இரண்டு ஜீப் டிரைவர்கள்

பாசமுள்ள அத்தைக்கு,

செண்பகனூரிலிருந்து தமிழ்மதி எழுதுவது. இங்கே எல்லோரும் ஸ்வெட்டரோடு நலம். மதுரையில் நீங்கள் மின்விசிறியோடு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சுற்றுப்பாதையில் நடந்தால் மனம் அமைதியாகிறதா என்ற உங்கள் ஆராய்ச்சிக்காக, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து, கேரட் எடுத்த காலி நிலத்தில், வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும் ஒற்றைப் பாதையாகக் கல் அடுக்கினேன். நுழைவதும் திரும்புவதும் ஒரே வழி, கல்லைத் தாண்டக் கூடாது, நடப்பதற்கு முன்னும் பின்னும் கோபத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்க வேண்டும் என்ற உங்கள் விதிகளை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். முதலில் அம்மா கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். வளைவு என்றாலே அம்மாவுக்குக் குமட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பாதியில் உட்கார்ந்துவிட்டதால் அம்மாவைச் சேர்க்கவில்லை. அடுத்து அப்பா போனார். அவர் நடுவை அடைந்த நேரம் பார்த்து என் தோழி சாஹிரா தன் அத்தா தஸ்தகீர் மாமாவை உள்ளே அனுப்பினாள். இது உங்கள் விதிகளில் இல்லை. ஆனால் பெருமாள்மலை வளைவில் யார் ஜீப்பைப் பின்னால் எடுப்பது என்று அப்பாவும் தஸ்தகீர் மாமாவும் சண்டை போட்டதிலிருந்து பேச்சு இல்லை. சாஹிராவும் நானும் ஒரே ஜீப்பில் பள்ளிக்குப் போக முடியவில்லை. எங்களுக்குத்தான் அமைதி அவசரமாகத் தேவைப்பட்டது.

பாதி வழியில் இருவரும் எதிரெதிரே நின்றுவிட்டார்கள்.

"ஏறி வர்றவனுக்குத்தான்யா வழி. பின்னால போ," என்றார் மாமா.

"சமதரையில ஏதுலே ஏத்தம்?" என்றார் அப்பா.

"உள்ள போறது ஏத்தம், வெளிய வர்றது எறக்கம். நீ எப்படித்தான் லைசென்ஸ் வாங்குனியோ."

"கல்லத் தாண்டி வெரசா வாங்களேன், சோறு ஆறிக் கெடக்கு," என்றார் அம்மா.

"தாண்டக் கூடாதுன்னு புள்ள சொல்லிருச்சுல்ல," என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள்.

மழை பிடித்தும் நகரவில்லை. பக்கத்தில் குடைக்குள் நின்றுதான் இதை எழுதுகிறேன். அப்பாவின் கோபம் மூன்றிலிருந்து ஒன்பதாகிவிட்டது. மாமா பதினொன்று போடச் சொல்கிறார். ஆகவே சுற்றுப்பாதையால் அமைதி வராது. செண்பகனூரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடவும்.

சௌம்யா அக்காவுக்கு என் அன்பு. வெயில் உங்களை அதிகம் வாட்டாமல் இருக்கட்டும்.

உங்கள் மருமகள்,
தமிழ்மதி

பின்குறிப்பு: மேலே உள்ள முடிவை அடித்துவிடவும். சரிவில் நிறுத்தியிருந்த மாமாவின் ஜீப் மழைச் சேற்றில் நகரத் தொடங்கியது. முதலில் கல்லைத் தாண்டி ஓடியவர் அப்பா. டயருக்கு முட்டுக் கொடுக்க இருவரும் என் சுற்றுப்பாதையையே பெயர்த்துவிட்டார்கள். இப்போது எங்கள் அடுப்படியில் டீ குடிக்கிறார்கள். கோபம் எத்தனை என்று கேட்டால், "என்ன கோவம்?" என்கிறார்கள். நாளை சாஹிராவும் நானும் ஒரே ஜீப். இந்தப் பூஜ்யத்தைப் பாதையில் நடந்ததற்குப் போடுவதா, பாதையைப் பெயர்த்ததற்குப் போடுவதா?