நாலு பக்கமும் முன்பக்கம்

"எல்லாப் பக்கமும் முன்பக்கம்னா, பின்பக்கம்னு ஒண்ணு எங்கம்மா இருக்கு? நான் குழாயை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது?"

"அதைக் கேக்கத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"நல்லா இருக்கு. நீங்க என்கிட்டக் கேக்கறீங்க. நான் யார்கிட்டக் கேக்க?"

வளர்ப்பு மீன் கடைக்காரர் ஈரக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். சாதாரண மீன் தொட்டி என்றால் எப்படியாவது சமாளிக்கலாம், பவளத் தொட்டி அப்படியில்லை என்று பொறுமையாக விளக்கினார். பவளம் உயிருள்ளது. உப்பு அளவாக இருக்க வேண்டும், சூடு அளவாக இருக்க வேண்டும், தண்ணீர் கடலைப் போல ஓயாமல் அசைந்துகொண்டிருக்க வேண்டும். இத்தனைக்கும் மோட்டார் வேண்டும், வடிகட்டி வேண்டும், குழாயும் வயரும் வேண்டும். எல்லாவற்றையும் பின்பக்கத்தில் வைத்துக் கறுப்புத் தாள் ஒட்டி, அந்தப் பக்கத்தைச் சுவரோடு சேர்த்துவிடுவார்கள். அவர் இதுவரை விற்ற தொட்டிகள் எல்லாமே சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் நிற்கின்றன.

"உங்க தொட்டிக்கு மட்டும் முதுகே வேண்டாங்கறீங்க," என்றார்.

"ஆமா," என்றாள் அவள். ஏதோ சர்க்கரை வேண்டாம் என்பது போல அவ்வளவு எளிதாகச் சொன்னாள்.

அவள் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, யார் யாருக்கோ சிரிப்பைச் செய்துகொடுக்கும் ஒரு சிறிய பட்டறையில் வேலை. பக்கத்துப் பல்லின் பழுப்பு, அதன் ஓரத்துத் தேய்வு, வெளிச்சம் பட்டால் மட்டும் தெரியும் மெல்லிய நீலம் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்துவிடுவாள். ஆனால் அந்த வேலையில் ஒரு சங்கடம் இருந்தது. நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் அது நன்றாகச் செய்தது ஆகாது. இத்தனை வருடத்தில் அவள் செய்த எதையும் ஒருவரும் நின்று பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் வேலையே.

மருத்துவமனை ஒன்றின் வரவேற்பறையில் அவள் பவளத்தை முதன்முதலாகப் பார்த்தாள். பல்லைப் போலவே கெட்டியாக, பல்லைப் போலவே மெதுவாக வளர்கிற ஒன்று. ஆனால் ஒளிந்துகொள்ளவே தெரியாதது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். தன் கையால் ஒரு பொருளாவது, வந்தவர் எல்லாம் சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி செய்துவிட வேண்டும்.

முதலில் திட்டம் என்னவோ சின்னதாகத்தான் இருந்தது. வீட்டுக் கூடத்துச் சுவரோரம் ஒரு தொட்டி, அவ்வளவுதான். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் மாஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டிலும் அதுவே பெயராகிவிட்டது. அவர் ஒரு பிரிட்ஜ் அட்டைப்பெட்டியைத் தொட்டியின் அளவுக்கு வெட்டிச் சுவரோரம் வைத்தார். பிறகு வீட்டிலுள்ள ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து, வண்டி எடுக்கும் முன் கண்ணாடிகளைச் சரிபார்ப்பது போலத் தலையை இடமும் வலமும் திருப்பினார்.

"அக்காவோட தையல் மெஷின்லேர்ந்து பார்த்தா தூண் மறைக்குது. இது பிளைண்ட் ஸ்பாட். இதை வச்சுக்கிட்டு வண்டியையே எடுக்கக் கூடாது."

மாஸ்டரின் அக்கா அவர்களோடுதான் இருந்தாள். தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமலே, "என்னைப் பத்தி யாரும் கவலைப்பட வேண்டாம். நான் ஊசிக் காதைப் பார்க்கவே பொறந்தவ. நீங்க மீனைப் பாருங்க," என்றாள்.

அந்த வீட்டில் இதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாத மீன் வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை.

பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்து முன்னால் வைத்தார்கள். இப்போது கல்லூரியில் படிக்கும் மகளின் அறைக்கதவுக்கு நேராகத் தொட்டியின் முதுகு வந்தது.

"எல்லாருக்கும் கடல், எனக்கு மட்டும் பைப்பா?" என்றாள் மகள்.

மூலையில் கோணலாக வைத்துப் பார்த்தார்கள். சமையலறைக்குத் தெரியவில்லை. சமைக்கிறவர் மாஸ்டர். தான் ஒன்றும் சொல்லவில்லை என்று இரண்டு முறை சொன்னார். கடைசியில் பெட்டி கூடத்தின் நட்டநடுவில் வந்து நின்றது. அது சாப்பாட்டு மேசையின் இடம். மேசை படுக்கையறைக்குப் போனது. மேசைக்கு வழிவிட்டுக் கட்டில் நகர்ந்ததில் பீரோவின் கதவு திறக்கவில்லை. பீரோ மகளின் அறைக்குப் போக, மகளின் படிக்கும் மேசை வெளியே வந்து பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. இனிமேல் மகள் தன் அறையிலிருந்து தொட்டியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இந்த இடமாற்றங்களில் சத்தம் வராமல் இருக்குமா. கீழே குடியிருந்தவர் வீட்டு உரிமையாளர். தனி ஆள். சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது அவர் சட்டம். கடிகாரம் மாட்ட ஓர் ஆணி கேட்டதற்கு, கடிகாரத்தை மேசைமேல் வைத்தால் மணி ஓடாதா என்று கேட்டவர். அதனால் மாடியில் அவருக்கு ஆணி என்றே பெயர்.

பீரோ நகர்ந்தபோது ஆணி போன் செய்தார். என்ன சத்தம் என்று கேட்டார். மாஸ்டர் பதறிப்போய், அக்கா உடற்பயிற்சி செய்கிறாள் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் ஆணி அக்காவை மேலும் கீழும் பார்த்து, எப்படிப் போகிறது என்று அக்கறையோடு விசாரிக்க ஆரம்பித்தார். அக்கா தம்பியிடம் பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லி, "உங்கப்பன்கிட்ட சொல்லு," என்பாள். உங்கப்பன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

குழாய்ப் பிரச்சினை அப்படியே இருந்தது. நடுவில் பெரிய பாறை மலை ஒன்று கட்டி, எல்லாவற்றையும் அதற்குள் மறைத்துவிடலாம் என்று பல் செய்கிறவளுக்குத் தோன்றியது. சாப்பாட்டு வேளைகளில் பட்டறையிலேயே உட்கார்ந்து, பல் அச்சு வார்க்கும் மாவில் மலையின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்தாள். குகைகளும் முகடுகளுமாக, உள்ளங்கையில் அடங்குகிற மலை. காய்வதற்காக அதைத் தட்டில் வைத்துவிட்டு வந்தாள். தட்டில் இருந்ததை எல்லாம் பட்டறையில் யாரோ பொட்டலம் கட்டி, ஒரு பல் மருத்துவருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மருத்துவர் போனில் வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"இந்த மேல்தாடை யாருதும்மா? ஆள் பேசறாரா?"

மாதிரியை மீட்டு வந்து, அதே போல அட்டைப்பெட்டிக்குள் பெரிதாகக் கட்டிப் பார்த்தார்கள். பெட்டி முழுக்க மலைதான். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எதிரே பாறை.

"நாலு பேருக்கு நாலு சுவர் வாங்கிக் குடுத்திருக்கியேம்மா," என்றாள் மகள்.

அது மட்டுமில்லை. மீன் ஒரு பக்கம் இருந்தால் மற்ற மூன்று பக்கத்துக்கும் மீன் கிடையாது. பக்கத்துக்கு ஒரு மீன் விட்டுவிடலாம் என்றார் மாஸ்டர். இன்னின்னார் பங்கு இதுவரைக்கும் என்று மீனிடம் யார் போய்ச் சொல்வது என்று உங்கப்பனைக் கேள் என்றாள் அக்கா.

பல் செய்கிறவள் சின்னச் சுரண்டியை எடுத்துக்கொண்டு மாதிரி மலையின் முன் உட்கார்ந்தாள். பல்லில் வேண்டாததைச் சீவி எடுக்கிற அதே கையோடு, மலையில் வேண்டாததை எல்லாம் எடுக்க ஆரம்பித்தாள். மலை மெலிந்து தூணாயிற்று. தூணிலிருந்து நாலு பக்கமும் வளைவுகள் இறங்கின. வளைவுகளுக்கு நடுவே வழிகள். தையல் மெஷினிலிருந்து பார்த்தால் ஒரு வளைவுக்குள் இன்னொரு வளைவு, அதற்கு அப்பால் மகளின் கதவு. சமையலறையிலிருந்து பார்த்தால் அது வேறு ஒரு நாடு. மீன் எங்கே போனாலும் யாராவது ஒருவர் கண்ணிலிருந்து மறைந்து, அடுத்தவர் கண்ணில் போய்ச் சேரும். ஈறுக்குப் பூசும் இளஞ்சிவப்பையும், பல்லுக்குத் தொடும் பழுப்பையும் நீலத்தையும் அதன்மேல் தொட்டுத் தொட்டு வைத்தாள். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்த்தாள். கோபத்தை மறந்து தம்பியிடமே நேராகச் சொன்னாள்.

"இவ கையில என்னமோ இருக்குடா."

மறுநாள் அதைக் கடைக்காரரிடம் காட்டினாள். தூணுக்குள் ஒரே ஒரு மெல்லிய குழாய் மட்டும் மேலே போகும். மற்றதெல்லாம் தொட்டிக்குக் கீழே.

"பின்பக்கம் இல்லைதான். ஆனா அடிப்பக்கம் இருக்கே. மோட்டார், வடிகட்டி, வயர் எல்லாத்தையும் அங்க வச்சு மூடிடலாம். அங்கேருந்து யாரு பார்க்கப்போறா?"

கடைக்காரர் மாதிரியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து கூப்பிட்டதுகூட அவருக்குக் காதில் விழவில்லை.

"இத்தனை வருஷமா தொட்டி கட்டறேன். இப்படி ஒண்ணை நான்தான் கட்டித் தரணும், வேற யார்கிட்டயும் போயிடாதீங்க," என்றார். பிறகு குரலை இறக்கினார். தண்ணீர், பாறை, மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் கூடத்தின் நடுவில் ஒரு சின்னக் காரை நிறுத்துகிற மாதிரி. தளம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். வீட்டு உரிமையாளர் சம்மதிக்காமல் ஒரு கண்ணாடியைக்கூட வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஆணி சரி என்றால் தொட்டி. இல்லையென்றால் பிரிட்ஜ் அட்டைப்பெட்டி.

யார் கேட்பது என்பதில் வீடே தத்தளித்தது. மாஸ்டர் கண்ணாடியின் முன் நின்று பேசிப் பழகினார். ஒவ்வொரு முறையும் முதல் வரியிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டார். வீட்டைக் காலி செய்த பிறகு கேட்கலாம் என்றாள் அக்கா. இதற்கிடையே மாதிரியை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மேலே ஒரு டார்ச்சைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நாலு பேரும் நாலு பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். டிவியை யாரும் போடவில்லை. அது எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா, வளைவு இன்னும் நேராகத் தெரியட்டும் என்று தையல் மெஷினைக் கொஞ்சம் இழுத்தாள். அது கத்திய கத்தலுக்குப் போன் வரவில்லை. கதவு தட்டப்பட்டது.

ஆணி வாசலில் நின்றார். கூடத்தைப் பார்த்தார். சாப்பாட்டு மேசையைக் காணோம். நாற்காலிகள் நாலு திசையைப் பார்த்துக் கிடந்தன. நட்டநடுவில் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் வெளிச்சம்.

"காலி பண்றீங்களா?"

"இல்ல சார், அக்கா உடற்பயிற்சி..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார். அக்கா பார்த்த பார்வையில் அங்கேயே பிரேக் போட்டார்.

பல் செய்கிறவள் முன்னால் வந்தாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, பவளம், நாலு பக்கம், அடிப்பக்கத்தில் ஒளியப்போகும் மோட்டார், எடை, கடைக்காரர் கேட்ட சம்மதம். சொல்லச் சொல்லக் குரலிலிருந்த நடுக்கம் போய்விட்டது. இங்கிருந்து பாருங்கள் என்று காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். அடுத்த பக்கம் போனார். முழங்கால் முனக, தரையில் கையை ஊன்றி உட்கார்ந்து, வளைவுக்குள் கண்ணை வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து மகளின் கண் தெரிந்தது. இரண்டு கண்ணும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மூன்றாவது பக்கத்தில் தண்ணீர் அசையுமா என்று கேட்டார். அசையும் என்றாள். நாலாவது பக்கத்தில் வெளிச்சமும் சேர்ந்து அசையுமா என்று கேட்டார். அதுவும் அசையும் என்றாள். அவர் மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தார்.

வெளியாள் ஒருவர், அவள் செய்ததைச் சுற்றிச் சுற்றி வருகிறார். வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை என்று ஒரு நொடி நினைத்தாள். அடுத்த நொடியே, பரவாயில்லை என்பதெல்லாம் பொய் என்று தெரிந்தது.

ஆணி எழுந்தார். சுவரிலிருந்து பெட்டிவரை கண்ணாலேயே அளந்தார்.

"இதுக்கு நேர் கீழதான் என் கட்டில் இருக்கு."

அக்கா பக்கத்திலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். மாஸ்டர், "கொஞ்சம் ரிவர்ஸ்ல எடுத்தா போதும் சார், உங்க தலைக்கு மேல வராம..." என்றார்.

"நகர்த்த வேண்டாம். இன்ஜினியரை நான் கூட்டிட்டு வர்றேன். முட்டுக் கொடுக்கணும்னா கொடுத்துக்கலாம்."

அவர் தன் காலுக்குக் கீழே இருந்த தரையை, ஏதோ அதற்குள் தெரிகிறது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். இதுவரை அவர்கள் கேட்டிராத, கூச்சப்படுகிற குரல்.

"மத்தியானம் படுத்தா மேலயேதான் பார்த்துக்கிட்டிருப்பேன். வெறும் சுண்ணாம்பு. தளத்தை நானே ஆள் வச்சு உடைச்சுத் தர்றேன். அந்த அடிப்பக்கத்தையும் கொஞ்சம் காலியா விட்டு, கண்ணாடி போட்டுத் தர முடியுமாம்மா?"