காற்றடிக்கப் போனவள் வந்து சேர்ந்த விவரம்

தேதி: எட்டு, வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களின் மேலான கவனத்திற்கு, தங்கள் தங்கையின் கணவன், பேருந்துப் பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவன், பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் ஓரளவு நலம். உங்கள் தங்கை என்னைவிட மிக மிக நலம். அதுதான் இந்தக் கடிதத்தின் புகாரே.

பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேனோடு வந்து எங்களையும் பீரோவையும் தையல் மிஷினையும் ஏற்றிக்கொண்டு போய் உங்கள் வீட்டுப் பின்னறையில் குடிவைப்பது என்று நாம் பேசி முடித்தது நினைவிருக்கும். "இனிமே நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்க முடியாது மாப்பிள்ளை" என்று நீங்கள் சொன்னீர்கள், "அதுவும் சரிதான் மச்சான்" என்று நான் சொன்னேன். உங்கள் தங்கை அப்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று நாம் இருவரும் எடுத்துக்கொண்டோம். மச்சான், அது சம்மதம் இல்லை. தயவுசெய்து பதினெட்டாம் தேதி வரை காத்திராமல் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து உங்கள் தங்கையிடம் நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி பேசவும். நான் சொல்லி எடுபடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மகள் காலேஜுக்கு ஓட்டிய சைக்கிள் அவள் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து மாடிப்படிக்குக் கீழே சாய்ந்து கிடந்தது. வீடு மாறுகிற நேரத்தில் இது எதற்கு என்று பழைய இரும்புக்காரரிடம் சொல்லி வைத்தேன். காற்றில்லாமல் இருந்தால் தள்ளிக்கொண்டு போக முடியாது என்றார் அந்த மகராசன். சரி, போன சனிக்கிழமை காலை நானே என் திருவாயால், "இந்தா, முக்குக் கடையில காத்தடிச்சுட்டு வந்துடு" என்றேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை நான் ஆறு மணிக்கே செய்து முடித்துவிட்டேன். எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். யார் வெளியே போனாலும் கதவுக்குப் பக்கத்துக் கரும்பலகையில் பணிமனையில் போலவே புறப்பாடு, வருகை, தாமதம், காரணம் என்று நாலு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். அவளும் ஒழுங்காக எழுதினாள். புறப்பாடு 6.10. வருகை 6.40. கழுத்தில் அளவெடுக்கிற டேப்பைக்கூடக் கழற்றாமல் போனாள். அந்த 6.40 வருவதற்கு ஐந்து நாள் ஆயிற்று.

ஏழு மணிக்குக் கடைக்குப் போய் விசாரித்தேன். "டியூப் மாத்தி, செயினுக்கு எண்ணெய் விட்டுக் குடுத்தேன் சார். ஓட்டிப் பாக்குறேன்னு அந்தப் பக்கமா போனாங்க" என்று கடைக்காரர் நெடுஞ்சாலையைக் கை காட்டினார். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? அந்தப் பக்கத்தில் நூற்று முப்பது கிலோமீட்டருக்கு வயலும் வரப்பும் மேடும் பள்ளமும்தான், கடைசியில் ஒரு படகுத்துறை, அதோடு ரோடே முடிந்துவிடுகிறது. செல்போனோ சமையலறையில் சார்ஜில் கிடந்தது. பகலெல்லாம் எனக்கு உயிர் என்னிடம் இல்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்கு யாரோ ஒரு தலைமையாசிரியை நம்பரிலிருந்து போன். "ஏங்க, நான்தான். அம்பத்திரண்டாவது கிலோமீட்டர் கல்லு பக்கத்துல இருக்கேன். இந்த டீச்சர் வீட்டுல ஜன்னல் துணி எல்லாம் கிழிஞ்சு கிடக்கு, தச்சுக் குடுத்துட்டு இங்கயே படுத்துக்கறேன். பால் பொங்கிடப் போகுது, பாத்துக்கோங்க." வைத்துவிட்டாள். நான் ஐம்பத்திரண்டா என்று கேட்டு முடிப்பதற்குள் இங்கே பாலும் பொங்கிவிட்டது.

விடுவேனா? மறுநாள் காலையிலேயே முழங்கால் உறை, தைலம், குடை, பிஸ்கட், அவளுடைய மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும், அதை இந்த இடத்தில் கிளற வேண்டாம். ஆனால் ஒரு வண்டி எத்தனை மணிக்கு எங்கே இருக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியாதா? வயது ஐம்பத்தொன்பது, முழங்கால் வலி ஒன்று, எதிர்க்காற்று கொஞ்சம், நாலு கிலோமீட்டருக்கு ஒரு தடவை பத்து நிமிடம் ஓய்வு. ஆக மணிக்கு ஏழு கிலோமீட்டர். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் கிடையாது என்று பஸ் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டு, பாலத்து நிறுத்தத்தில் இறங்கி, ஒன்பதரைக்கு வருவாள் என்று நின்றேன். ஒன்பதரை போய்ப் பத்தரை, பதினொன்றரை, ஒரு மணி. டீக்கடை அம்மா பாவப்பட்டு, "யாருக்குங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார். சைக்கிளில் ஒரு அம்மா என்றேன். "கழுத்துல டேப் போட்டிருந்தாங்களே, அவங்களா? அவங்க எட்டு மணிக்கே போயிட்டாங்களே! எங்க வீட்டுக்காரர் சட்டைக் காலரைப் பிரிச்சுத் திருப்பிப் போட்டுக் குடுத்துட்டு, டீயைக் குடிச்சுட்டு, பாட்டு ஒண்ணு முணுமுணுத்துக்கிட்டே போனாங்க." பாட்டாம்! முப்பத்தேழு வருடத்தில் நான் கேட்டதில்லை மச்சான்.

மணிக்கு ஒன்பது என்று திருத்தினேன். அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஒரு நாற்றுப் பண்ணை வாசலில் இறங்கினேன். அங்கேயும் அதே கதைதான். வரும்போதே நல்ல மழை. குடையை விரித்தால் அது மறுபக்கம் விரிந்தது. பண்ணைக்காரர் என்னை உள்ளே உட்காரவைத்துத் துண்டு கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அந்த மேடு இருக்கு பாருங்க, அதுல அந்தம்மா இறங்கித் தள்ளாமலே ஏறிட்டாங்க சார். நான் பின்னாடியே லாரியில போனேன். வண்டியில உக்காந்திருந்த எனக்கே மூச்சு வாங்கிடுச்சு." நான் நம்பவில்லை. பிறகு அதே மேட்டில் நான் ஏறிய அடுத்த பஸ் முதல் கியருக்கு இறங்கி முக்கி முனகி ஏறிற்று. அதிலேயே பாதி வழியில் ஒருவர் இறங்கி நடந்து எங்களுக்கு முன்னால் போனார். அப்போதுதான் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு அந்த ரோட்டைப் பார்த்தேன். இதையா இவள் மிதித்து ஏறினாள்? பக்கத்து சீட்டுக்காரரிடம், கேட்காமலேயே, "இதுல என் வீட்டுக்காரி சைக்கிள்ல ஏறிட்டா, தெரியுமா?" என்று சொல்லிவிட்டேன். புகார் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வெளியே வந்தது பெருமையாகத்தான் இருந்தது. கோபத்தில் வாய் குழறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும்.

அடுத்த நாளும் இதே பிழைப்பு. நான் போய் நிற்கிற இடத்திலெல்லாம் அவள் போய்விட்டாள். அவள் போய்விட்ட இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் பொத்தான் தைத்த சட்டையோடு நின்று அவளைப் புகழ்கிறார். நின்று நின்று எனக்குக் கால் வலி எடுத்து, முழங்கால் உறையை நானே மாட்டிக்கொண்டேன். தைலத்தையும் நானே தேய்த்துக்கொண்டேன். பிஸ்கட்டும் தீர்ந்தது. கடைசியில் மானத்தை விட்டு மணிக்குப் பதினொன்று என்று ஒத்துக்கொண்டு, ரோடு முடிகிற அந்தப் படகுத்துறைக்கே டிக்கெட் எடுத்தேன். மூன்று மணிக்கு இறங்கினேன். அவள் அஞ்சுக்குத்தான் வருவாள், ஒருவழியாக முந்திவிட்டோம் என்று பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று நாளாகச் சேர்த்து வைத்த திட்டுகளை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாங்க. டீ சாப்பிட்டீங்களா?"

கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து, படகுக்காரரின் தார்ப்பாயைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கண் மட்டும் என்னவோ, கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. வரிசைப்படுத்தியதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. "அந்த மேட்டுல இறங்கவே இல்லையாமே?" என்றுதான் முதலில் கேட்டேன், என்ன சொல்ல.

"இறங்கலாம்னுதான் பாத்தேன். கால் கேக்கல."

"ஏன்டி, சொல்லாம கொள்ளாம இப்படியா போவ? நடுவுல நிக்கணும்னு தோணலையா?"

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "முப்பது வருஷமா தையல் மிஷினை மிதிச்சிருக்கேன். ஊர்ப் பிள்ளைங்க யூனிஃபார்ம் அத்தனையும் மிதிச்சிருக்கேன். ஒரு அடி நகந்ததில்ல. இதை மிதிச்சா நகருதுங்க! எப்படி நிறுத்தச் சொல்றீங்க?" என்றாள். மறுபடி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "என்னால இனிமே முடியாதுன்னு நீங்களும் அண்ணனும் பேசிக்கிட்டீங்க. நானும் நம்பிட்டேன். நம்பி, பாத்திரத்தை எல்லாம் சாக்குல கட்டிட்டேன். அன்னிக்கு சைக்கிள்ல ஏறினப்பதான் சரி, நிஜமாவே முடியலையான்னு ஒரு தடவை பாத்துடுவோம்னு தோணுச்சு" என்றாள்.

மச்சான், உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? போன மாதம் மாடிப்படியில் வழுக்கி விழுந்தது நான். பயந்துபோனது நான். முடியாதவள் என்று பட்டம் கட்டியது மட்டும் அவளுக்கு. என் பயத்துக்கு அவள் முழங்காலைச் சாக்குச் சொன்னேன், அவ்வளவுதான் விஷயம். இத்தனைக்கும் இந்தக் கோளாறுக்கெல்லாம் மூலகாரணம் நீங்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் அவளுக்கு சைக்கிள் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானாம். பின்னால் பிடித்திருக்கிறேன், பிடித்திருக்கிறேன் என்று கத்திக்கொண்டே கையை விட்டுவிட்டீர்களாம். அவள் தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தால் நீங்கள் வீட்டு வாசலில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தீர்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். வினையை விதைத்தவர் நீங்கள், பஸ் பஸ்ஸாக அறுத்தவன் நான்.

திரும்பி வரும்போது சைக்கிளை பஸ் மேலே ஏற்றலாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆகவே அவள் சைக்கிளில், நான் பஸ்ஸில். ஊருக்கு ஊர் இறங்கி நின்று டீ வாங்கி ஆற்றி வைத்தேன். நேற்று மாலை வீடு வந்து சேர்ந்ததும் நேராகக் கரும்பலகைக்குப் போய் மீதிக் கட்டங்களை நிரப்பினாள். தாமதம்: ஐந்து நாள். காரணம்: வழி நன்றாக இருந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் பஞ்சர், பிரேக், மழை, மறியல், மாடு என்று எத்தனையோ காரணம் எழுதி வாங்கியிருக்கிறேன். இப்படி ஒன்றை எந்த டிரைவரும் எழுதியதில்லை. அழிக்க மனம் வராமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

இது இப்படியே போனால் வேனும் பின்னறையும் என்ன ஆவது? பாத்திரச் சாக்கை வேறு காலையில் அவிழ்த்துவிட்டாள். பழைய இரும்புக்காரர் வந்தபோது அவருடைய பையில் ஒரு கிழிசலைத் தைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள். நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்தவன். ஆகையால் நீங்கள் மூத்தவர் என்ற முறையில் உடனே வந்து கண்டித்து, எங்களை அழைத்துக்கொண்டு போகும்படி வேண்டுகிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு சுகமாக இருக்க எங்கள் ஆசி. நீங்கள் வேளைக்கு மருந்து சாப்பிடவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை காலை): மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் தங்கை கடிதத்தைப் படித்துவிட்டாள். மற்றதெல்லாம் சரி, வேகம்தான் தப்பு, பதிமூன்று என்று போடுங்கள் என்றாள். வேனை வேண்டாமென்று சொல்லிவிடவும். ராத்திரியெல்லாம் யோசித்தேன் மச்சான். பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நாம் இரண்டு பேரும் கையை விட்டுவிடுவதுதான் நல்லது. நீங்கள் பதினெட்டாம் தேதி இங்கே வர வேண்டியதில்லை, நாங்களே அங்கே வருகிறோம். பதினைந்தாம் தேதி காலை 6.10க்குப் புறப்பாடு. அவள் சைக்கிளில், நான் வழக்கம்போல டீயோடு. பின்னறையில் இரண்டு நாள் தங்கி, உங்கள் சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். உங்கள் வீடு நூற்றெழுபது கிலோமீட்டர். என் கணக்குப்படி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து சேருவோம். நீங்கள் சனிக்கிழமையே கதவைத் திறந்து வையுங்கள்.