அலமாரிக்குள்ளே ஹாரன் சத்தம்

பேகம்பூர், திண்டுக்கல்.
வியாழக்கிழமை, அசர் தொழுகைக்கு அப்புறம்.

வத்தலக்குண்டு பாத்திரக்கடை அண்ணன் நைனா முகமது அவர்களுக்கு, தங்கச்சி நர்கீஸ் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கு நாங்கள் நலம். நலம் என்று எழுதினால்தான் கடிதம் தொடங்கும் என்று அஞ்சாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள், அதற்கு மேல் நான் படிக்கவில்லை, அதனால் அப்படியே எழுதியிருக்கிறேன். என் முழங்காலைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். அங்கு நீங்கள், மதினி, பிள்ளைகள், கடையில் தொங்குகிற குண்டான்கள் எல்லோரும் நலமா?

போன் இருக்கும்போது எதுக்குக் கடிதம்னு கேப்பீங்க. அண்ணே, போன்ல நான் ஸலாம் சொல்றேன், நீங்க பதில் ஸலாம் சொல்றீங்க, அதுக்கப்புறம் எனக்கு வேலையே இல்ல. போன வாரம் நீங்க பேசிக்கிட்டிருக்கும்போதே நான் போய் குழம்பை எறக்கி வச்சு, கொல்லையில காயப்போட்ட துணியை எடுத்து மடிச்சுட்டு வந்து காதுல வச்சேன். நீங்க இன்னும் தங்கம் விலையிலதான் நின்னுக்கிட்டிருந்தீங்க. காகிதம்னா குறுக்க பேச ஏலாது பாருங்க, அதான். நாளைக்கு நம்ம பர்ஹானா புருசன் வாஜித் உங்க கையில இதைக் குடுப்பார்.

விஷயம் இதுதான். தாடிக்கொம்பு ரோட்டு வீட்டை நீங்க சொன்னபடி வித்துரலாம். நீங்க பார்த்து வச்சிருக்கிற ஒட்டன்சத்திரம் கமிஷன் கடை பெருமாள்சாமிகிட்ட சம்மதம்னு சொல்லிருங்க. நான் வத்தலக்குண்டுக்கு வந்து உங்க வீட்டுப் பின்கட்டு ரூம்ல இருந்துக்கிறேன். ஏன் இந்த முடிவுக்கு வந்தேன்னு ஒழுங்கா வரிசையா எழுதணும்னுதான் உக்காந்தேன், வரிசை எங்கிட்டுப் போகுதுன்னு பார்ப்போம்.

உங்க மச்சான் அந்த வீட்டை ரெஜிஸ்டர் பண்ணிட்டு வந்து சாவியை மட்டும் கண்ணுல காட்டுனாக. நான் கேக்காத கேள்வி இல்ல. எத்தனை சன்னல், எந்தப் பக்கம் வாசல், பக்கத்து வீட்டுக்காரி எப்படி, தண்ணி உப்பா நல்லதா? அவுக சிரிச்சுக்கிட்டே, "இப்பவே சொன்னேன்னா நீ கேள்வி கேட்டுக் கேட்டே வீட்டைக் கரைச்சுருவ. பெயிண்ட் வாசம் போகட்டும், கூட்டிட்டுப் போறேன்"னாக. பெயிண்ட் வாசம் போகுறதுக்குள்ள அவுக போயிட்டாக. தோல் பதனிடுற ஷாப்புல, வேலையில நின்னவாக்குல நெஞ்சைப் பிடிச்சவகதான். அதை நீங்களும் வந்து பார்த்தீங்க, திரும்ப எழுத எனக்குக் கை வரல.

அப்புறம் நான் இத்தா இருக்க உக்காந்தாச்சு. புருசன் மௌத்தான பொம்பளை நாலு மாசத்துக்கு மேல வீட்டோட இருக்கணும், அன்னிய ஆம்பளை கண்ணுல படக்கூடாதுங்கிறது நமக்குத் தெரியும், வாடகை வீட்டுக்காரருக்குத் தெரியுமா? காலி பண்ணுங்கன்னு அவர் ஒரு பக்கம். சரி, இத்தா முடிஞ்ச கையோட குடி போயிருவோம்னு, பார்க்காத வீட்டுக்கு உக்காந்த எடத்துலருந்தே சாமான் வாங்க ஆரம்பிச்சேன். அண்ணே, பொண்ணு பார்க்காமக் கல்யாணம் பண்ணலாம், வீடு பார்க்காம சோபா வாங்கக் கூடாது.

வாஜித் மாப்பிள்ளை அங்க போய் நின்னுக்கிட்டு வீடியோ கால்ல காட்டுவார். போன்ல பார்த்தா ஹாலு நம்ம பள்ளிவாசல் முற்றம் கணக்கா விரிஞ்சு கெடக்கு. அம்புட்டு எடத்தைச் சும்மா போடுவானேன்னு எல் மாதிரி வளைஞ்ச சோபா சொன்னேன். கடைக்காரர் வேற, "அடுத்த மாசம் விலை ஏறிரும், இப்பவே எடுத்துருங்க"ன்னுட்டார். சோபா வந்து எறங்குச்சு. இப்ப வாசல்லருந்து அடுப்படிக்குப் போகணும்னா சோபா மேல ஏறி எறங்கித்தான் போகணும். என் மக பர்ஹானா, "அம்மா, பிரியாணி ஆக்குனா பந்தியை அடுப்படியிலயே வச்சுக்குவோம், தூக்கிட்டு வர முடியாது"ங்கிறா. டிவி கடைக்காரரும் அதே பாட்டுத்தான், ஏறப்போகுது ஏறப்போகுதுன்னார். நாங்க வாங்குன மறுவாரம் வரி குறைஞ்சு டிவி விலை எறங்கிருச்சு. ஏன் எறங்குச்சுன்னு வாஜித்துகிட்ட கேட்டேன், அவருக்குத் தெரியல. கடைக்காரர்கிட்ட கேக்கச் சொன்னேன், அவருக்கும் தெரியல. இவுக யாருக்கும் தெரியாமத்தான் இம்புட்டும் ஏறி எறங்குதா?

பீரோ கதையைக் கேளுங்க. அது படுக்கிற ரூம் வாசல்ல திரும்பல, ஹால்லயே நிறுத்திட்டாக. அன்னைக்கு வீடியோவுல பார்க்குறேன், நடு வீட்டுல யாரோ ஒரு ஆம்பளை கையில போனை வச்சுக்கிட்டு என்னையவே பார்த்துக்கிட்டு நிக்கிறான்! யா அல்லாஹ்ன்னு முந்தானையை இழுத்து மூஞ்சியை மூடி, போனைத் தலகாணிக்கு அடியில போட்டு அமுக்கிட்டேன். தலகாணிக்குள்ளருந்து, "மாமி! மாமி! அது நான்தான், பீரோக் கண்ணாடி!"ங்குது. பர்ஹானா ரெண்டு நாளாச் சிரிச்சா. அவ அத்தா போனதுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான். அதனால பீரோ அங்கனயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இதுலயெல்லாம் மனசு விட்டுப் போகல அண்ணே. என் மனசை ஒடச்சது ஒரு அலமாரி. மர வேலைக்குக் கிறிஸ்துராஜ்னு ஒருத்தரை உங்க மச்சானே உசுரோட இருக்கும்போது பேசி விட்டிருந்தாக. அவர் மூஞ்சி எனக்குத் தெரியாது. நான் போன்ல வந்தா அவர் மரியாதையா ஒதுங்கிருவார், டேப்பு பிடிச்ச கை மட்டும் தெரியும், அப்புறம் ஒரு கணீர்க் குரல். குரலை வச்சு, கெடா மீசைக்காரர், ஆறடி இருப்பார்னு நான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன். வாஜித் படுக்கிற ரூமைக் காட்டும்போதெல்லாம் ஒரே இரைச்சல். என்ன மாப்ளன்னா, "சன்னலுக்கு நேரா ரயில்வே கேட்டு மாமி. கேட்டு மூடுனா சனம் பூரா நம்ம சன்னலைப் பார்த்துத்தான் நிக்கும்"ங்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஊர்ல இத்தனை வீடு இருக்க, இந்த மனுசன் போயும் போயும் ரயில்வே கேட்டு வாசல்லயா காசைக் கொட்டுனாகன்னு. தனியா இருக்கப் போறவ, ஊரே வேடிக்கை பார்க்க நான் சீவி முடிக்கவா? உடனே சொல்லிட்டேன், "அந்தச் சன்னலை மறைச்சு, செவுரு பூரா அலமாரி அடிச்சுருங்க"ன்னு. டேப்பு பிடிச்ச கை சன்னலை ரெண்டு தடவை அளந்துச்சு. அப்புறம் அந்தக் குரல், "சரிங்கம்மா"ன்னுச்சு.

அலமாரி அடிச்சாச்சு. சத்தம் நின்னுச்சா? முன்னைக்கு இப்ப ஜாஸ்தி. அதுவும் அலமாரிக்குள்ளருந்து வருது! பாம் பாம்ங்குது, கொய்யாக்காக்காரன் கூவுறது கேக்குது. "என்னங்க இது, அலமாரிக்குள்ள யாரு கொய்யா விக்கிறா?"ன்னு கேட்டேன். அந்தக் குரல், "மரம் புதுசுங்கம்மா, போகப் போக அடங்கிரும்"ங்குது. திறந்து காட்டுங்கன்னா பாலிஷ் காயலையாம். மழையே இல்லாத ஊர்ல எந்தப் பாலிஷ் இம்புட்டு நாளாக் காயாம இருக்கும்? சாவியையும் மனுசன் தன் மடியிலயே வச்சிருக்கார். பெருமாள்சாமி வீடு பார்க்க வந்தப்ப அவரும் அந்த அலமாரிகிட்ட காதை வச்சு, "ஏனுங்க, உள்ளார பஸ் ஏதாச்சும் நிக்குதுங்களா?"ன்னு கேட்டாராம். கேட்டுட்டு விலையையும் குறைச்சுட்டார். இத்தாவுல இருக்கிற பொம்பளை தானே, நேர்ல வந்தா பார்க்கப் போறான்னு ஒரு மரவேலைக்காரர் கூட ஏமாத்துறார் பாருங்க. அதுதான் எனக்குத் தாங்கல.

நீங்களும் சொல்லிக்கிட்டே இருக்கீங்க. அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டான், தோல் ஷாப்பெல்லாம் ஒரு ஷிப்டுலதான் ஓடுது, வாஜித்துக்கு வேலை நிக்குமோ போகுமோ, இப்பப் போய் வீட்டுல காசை முடக்காதன்னு. சரிதான். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். தங்கம் ஏறுச்சு, வீட்டை வித்துருன்னீங்க. தங்கம் எறங்குச்சு, அப்பவும் வீட்டை வித்துருன்னீங்க. எது ஏறுனாலும் எது எறங்குனாலும் என் வீடு மட்டும் எதுக்குண்ணே விக்கணும்? கோவிச்சுக்காதீங்க, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

எனக்கு எதையும் தெரிஞ்சுக்கலைன்னா சோறு எறங்காது, அது உங்களுக்கே தெரியும். இந்த வாடகை வீட்டுச் சன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் செவுரு, செவுத்துல ஒரு பல்லி. இத்தனை வருசமா எனக்கு ஊரைக் காட்டுனது உங்க மச்சான் வாய்தான். வந்ததும், "வெளியில என்ன நடந்துச்சு"ன்னு கேப்பேன். "ஒண்ணும் இல்ல"ம்பாக. சோத்துல கை வச்சதும் ஒண்ணொண்ணா வரும். கடைசி மாசங்கள்ல கொண்டாந்த கதைகளெல்லாம் ரொம்ப ஜோர். லாரி மேல நின்ன ஆட்டுக்கெடா பக்கத்து வண்டிக்காரன் தலையில இருந்த மல்லியப்பூக் கூடையை மேஞ்சது, மாப்பிள்ளை கார்ல உக்காந்துக்கிட்டே ஷேவிங் பண்ணுனது. எங்கேருந்து பொறுக்குனாகளோ. இப்ப வெளியில என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்ல ஆள் இல்ல. பல்லி இருக்கு, அது பேசாது.

போதும். பார்க்காமலே வாங்குன வீடு, பார்க்காமலே போகட்டும். பார்த்தா மனசு ஒட்டிக்கும். சோபாவையும் அந்தக் கூவுற அலமாரியையும் சேர்த்தே பெருமாள்சாமிக்குக் குடுத்துருங்க. மதினிக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. உங்க கடையும் கல்லாவும் நெறஞ்சு இருக்க, உங்க தொண்டைக்குச் செத்த ஓய்வு கெடைக்க, அல்லாஹ் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கச்சி நர்கீஸ்.

பின்குறிப்பு: இதை வெள்ளிக்கிழமை காலையில எழுதுறேன். மேல எழுதுனது எல்லாத்தையும் அழிக்கணும், அழிக்க ரப்பர் பத்தாது, அதனால நீங்களே அழிச்சதா வச்சுக்கங்க.

இத்தா நேத்தோட முடிஞ்சுருச்சு. வாஜித் வத்தலக்குண்டுக்குக் கெளம்பும்போது, அந்த அலமாரிக்குள்ள என்னதான் இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு வந்துரலாம்னு கூடப் போனேன். அங்க ஒரு ஒல்லிப்பிச்சான் மனுசர், மீசையே கெடையாது, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார். "வாங்கம்மா"ன்னார். அந்தக் கணீர்க் குரல் இந்த உடம்புக்குள்ள எங்க இருந்துச்சுன்னு தெரியல. சாவியை நீட்டுனார். திறந்தேன்.

அலமாரிக்கு முதுகுப் பலகையே இல்லண்ணே. கதவைத் திறந்தா நேரா சன்னல், சன்னலுக்கு வெளிய ரயில்வே கேட்டு. "என்னய்யா இது"ன்னேன். "உங்க வீட்டு அண்ணன் உசுரோட இருக்கும்போது, எதை வேணா மாத்து, இந்தச் சன்னலை மட்டும் அடைச்சுராத, எம்பொண்டாட்டிக்காக இந்தச் சன்னலைத்தான் வாங்குறேன், வீடு அதோட ஒட்டிக்கிட்டு வருதுன்னு சொன்னாருங்கம்மா. நீங்க மறைச்சு அலமாரி அடின்னீங்க. அவர் சொல்லையும் தட்ட முடியல, உங்க சொல்லையும் தட்ட முடியல. அதான் கதவு மட்டும் போட்டேன். போன்ல சொன்னா அழுவீங்க, நேர்ல பார்க்கட்டும்னு இருந்துட்டேன்." தினமும் வேலை முடிஞ்சு இங்க வந்து, கேட்டு மூடித் திறக்குற வரைக்கும் இந்தச் சன்னல்ல நிப்பாகளாம் உங்க மச்சான்.

அலமாரிக்குள்ளயே சன்னலோரமா உக்காந்து செத்த நேரம் அழுதேன். அதுக்குள்ள கேட்டு மூடிருச்சு. முருங்கைக்கா லோடு ஒண்ணு வந்து நின்னுச்சு. பைக்குல ஒரு புருசன் பொண்டாட்டி, "உங்கம்மாகிட்ட நீயே சொல்லு", "உங்கண்ணன்கிட்ட நீ சொன்னியா?" என்னத்தைச் சொல்லணும்னு தெரியல, நான் நல்லா எட்டிக் கேக்குறதுக்குள்ள டவுன் பஸ் வந்து மறைச்சுருச்சு. பஸ்ஸுல சன்னலோரம் இருந்த அம்மா என்னையப் பார்த்து, "ஏம்மா, அலமாரிக்குள்ள உக்காந்து என்ன செய்றீங்க?"ன்னு கேட்டாக.

"குடி வந்திருக்கேன்"னு சொல்லிட்டேன். வாயில அதுதான் வந்துச்சு.

பெருமாள்சாமிகிட்ட இல்லைன்னு சொல்லிருங்க. துணி வைக்க அந்த ஹால் பீரோ போதும். நீங்க அவசியம் வந்து பாருங்க. பஸ் ஸ்டாண்டுலருந்து தாடிக்கொம்பு டவுன் பஸ்ஸுல ஏறி, இடது பக்கம் சன்னலோரமா உக்காருங்க. கேட்டு மூடியிருந்தா எறங்க வேணாம், நான் அலமாரியைத் திறந்து வச்சுக்கிட்டு இருப்பேன். வீட்டை வித்துருன்னு அங்கேருந்தே எம்புட்டு வேணா சொல்லுங்க, குறுக்க பேசாமக் கேக்குறேன். கேட்டு தெறந்ததும் பஸ்ஸே உங்களைக் கூட்டிட்டுப் போயிரும்.