அப்பாவின் காருக்கு நான் வைத்த டைமிங்

ஓடுகிற இன்ஜினைத் தொடக்கூடாது. துக்க வீட்டில் சும்மா உட்கார முடியாதவன்தான் அதைத் தொடுவான். எங்கள் வீட்டில் அந்த அறிவாளி நான்.

அப்பா ரப்பர்த் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். தோட்டத்தை மூடியதும் ஈப்போ பக்கத்துச் செமோருக்கு வந்து ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். எங்களைவிட அதைத்தான் அதிகம் தடவிக்கொடுத்தார். (பொறாமை இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.) படுக்கையில் விழுந்தபின் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என் சாம்பல என் கார்லயே லுமுட் கடலுக்குக் கொண்டுபோங்க." ஆயுத பூஜை முடிந்த வாரம் போய்விட்டார்.

தகனத்துக்கு மறுநாள், புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருகினேன். மாதக்கணக்கில் கிடந்த வண்டி உடனே கிளம்பியது. அதோடு நான் உள்ளே போயிருக்கலாம்.

"டைமிங் பாக்கணும்" என்றேன்.

"நல்லாத்தானே ஓடுது, விடுங்க மச்சான்" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"லுமுட் வரைக்கும் போவணும்லா மாப்பிள்ளை. நான் கமுந்திங் ஃபேக்டரில மெஷின் பாக்கிறவன்." (அந்த மெஷின்களுக்கு பிளக்கைச் சொருகினால் போதும்.)

இன்ஜினுக்குள் நெருப்புப் பொறி சரியான கணத்தில் விழ வேண்டும். அதுதான் டைமிங். முன்பக்கம் சுற்றும் புல்லிச் சக்கரத்தில் ஓர் அடையாளம் இருக்கும். விட்டுவிட்டு மின்னும் டைமிங் லைட்டை அடித்தால் அது நிற்பதுபோலத் தெரியும். பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, அந்த அடையாளத்தைப் பக்கத்து முள்ளுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். இவ்வளவையும் போனில் வீடியோ பார்த்துப் படித்திருந்தேன்.

லைட்டை அடித்தேன். பளிச்சென்று ஒரு வெளிர்மஞ்சள் புள்ளி. அப்பா பெயிண்டில் வைத்த அடையாளம்! ஆனால் முள்ளைவிட்டு எங்கோ விலகி நின்றது. கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் தெரியாமல் போயிருக்கிறது என்று நினைத்து அழுதேவிட்டேன். அழுதுகொண்டே திருப்பி நேராக்கினேன். இன்ஜின் குரல் கம்மியது. அதுவும் துக்கத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா சாம்பல் கலசத்தை மடியில் வைத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் தங்கையும் பின்னால் அவர்கள் காரில் வந்தார்கள். ஈப்போ சிக்னலில் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தேன். புகைக்குழாயில் 'டமார்' என்று ஒரு வெடி. சாப்பாட்டுக்கடை வாசலில் இருந்த சீனக் கிழவர் உற்சாகமாகக் கையை ஆட்டினார்.

"ஹேப்பி தீபாவளி!"

தீபாவளிக்கு இன்னும் சில வாரம் இருந்தது. அடுத்த வெடிக்கு மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்ப் பையன்கள் கைதட்டினார்கள். அம்மா கலசத்தை இறுக்கிக்கொண்டார்.

"உங்கப்பாவுக்குப் பட்டாசே புடிக்காதுடா" என்றார்.

போத்தா தாண்டியதும் ஆவி பறக்க வண்டி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். மாப்பிள்ளை இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"எந்த அடையாளத்துக்கு வச்சீங்க மச்சான்?"

"அப்பா மஞ்சளா ஒரு புள்ளி வச்சிருந்தாருலா, புல்லியில."

அம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "அது நான் வச்ச சந்தனம்டா. ஆயுத பூஜைக்கு வண்டி பூரா வைக்கச் சொன்னாரு. மூடியத் தொறந்து எட்டின எடத்துலல்லாம் வச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. கடற்கரையில் பூசாரி காத்திருந்தார். கலசத்தை மாப்பிள்ளையின் காருக்கு மாற்றினோம். கிளம்பும்போது நான் திரும்பிப் பார்த்தேன். இன்ஜின் மூடி திறந்தபடி, சந்தனப் பொட்டோடு, அப்பாவின் கார் ஓரமாக நின்றது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் பாதி வழியில் இறக்கிவிட்டேன். கடலில் கலசத்தைக் கவிழ்த்தபோது மன்னிப்புக் கேட்பதா அழுவதா என்று தெரியாமல், மூக்கை மட்டும் உறிஞ்சினேன்.

அந்த வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. அதற்கடுத்த வருடம், தெருவில் முதல் பட்டாசு வெடித்ததும் அம்மா தலையைத் தூக்கினார்.

"டேய், உங்கப்பா கார் வருது. காப்பி போடு."

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. இன்றுவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா அதையேதான் சொல்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் எழுந்து போய்க் காப்பி போடுகிறேன், அப்பா குடிக்கிற மாதிரி சீனி இல்லாமல்.