எண்பத்து நாலு கிலோ விரதம்

அலோர் காஜா கிளினிக்கில் எடை எண்பத்து நாலு கிலோ என்று தாதி சொன்னதும், சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்தைக் கழிக்கச் சொன்னார் அங்கமுத்து. தாதி கழிக்கவில்லை. மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறைய வேண்டும் என்று சீட்டு எழுதிவிட்டாள்.

அவர் மனைவி கோமளா அந்தச் சீட்டை ஐஸ்பெட்டியில் ஒட்டி, கீழே தன் கையால் நான்கு இலக்குகளை எழுதினாள். சீனி கிடையாது. சோறு ஒரு கிண்ணம். ரொட்டி சானாய் அறவே கிடையாது. இந்த மூன்றையும் அங்கமுத்து பொறுத்துக்கொண்டார். அதற்கெல்லாம் கடைத்தெருவில் வழி இருந்தது. நான்காவதில்தான் வியர்த்தது. சனிக்கிழமை காலை குடியிருப்புத் தாமான் மண்டபத்தில் பாட்டுப் போட்டு ஆடும் உடற்பயிற்சி. வேலியோரம் நின்று எண்ணிப் பார்த்திருந்தார். பெண்கள் பதினேழு. ஆண் பூஜ்யம்.

முப்பத்தொரு வருடம் செம்பனை லாரி ஓட்டிய மனுசன், பதினெட்டாவது ஆளாகப் போய் இடுப்பை ஆட்டுவதா?

“அண்ணே, கூச்சப்படாதீங்கலா. பின்வரிசையில இடம் போட்டு வச்சிருக்கேன்” என்றாள் பக்கத்து வீட்டு சுசீலா.

“எனக்கு இடுப்பு வலிக்கும்.”

“முதல்ல அது எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க” என்றாள் கோமளா.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து நின்றார்.

“கோமளா, மாசி மகத்துக்குப் பால்குடம் எடுக்கலாம்னு இருக்கேன். விரதக்காரன் பொம்பளைங்க நடுவுல போய் ஆடக்கூடாது பாரு.”

ஒரு வாரம் சைவம். பிறகு முதுகுவலி என்று சொல்லி மெல்லக் கழன்றுகொள்வது. இதுதான் அவர் கணக்கு.

கோமளா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“முருகா! எத்தனை நாள் விரதம்?”

“ஒரு... ஏழு நாள்.”

“சாமிகிட்டயே டிஸ்கவுண்டா? நாப்பத்தெட்டு. இன்னிக்கு ஆரம்பிச்சா சரியா இருக்கும்.”

“அதுக்குள்ள எண்ணிட்டியா?”

“நீங்க ரெண்டு நாளா காலண்டரையே பார்த்துக்கிட்டு நின்னப்பவே எண்ணிட்டேன்.”

அரை மணி நேரத்தில் கோயில் தலைவர் போன் செய்து பாராட்டினார். பட்டியலில் இருபத்து மூன்றாவது பெயராம். சாயங்காலத்துக்குள் கழுத்தில் மாலை, இடுப்பில் மஞ்சள் வேட்டி. ஒரு வேளை சாப்பாடு, தரையில் பாய், விடியற்காலை ஐந்து மணிக்குப் பச்சைத்தண்ணீர்க் குளியல். வெறுங்காலோடு கோயிலுக்குப் போய்வர ஐயாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு அடி. வேறு வேலை இல்லாததால் எண்ணினார்.

ஒன்பதாம் நாள் ரொட்டிக் கடைக்குள் காலை வைத்தார். முதலாளி தினேஸ்வரன் பதறிக் கும்பிட்டான்.

“சாமி, உள்ள வராதீங்க! மட்டன் வெந்துக்கிட்டு இருக்கு!”

“ரெண்டு ரொட்டி மட்டும்பா. பருப்புக் கறி போதும்.”

“பாவத்த என் தலையில கட்டாதீங்க. கோமளாக்கா வேற சொல்லிட்டுப் போனாங்க.”

“எப்ப?”

“போன திங்கக்கிழமையே. சிம்பாங் அம்பாட் வரைக்கும் ஒரு கடை விடலயாம்லா.”

முதுகுவலி வரவே இல்லை. மூன்று முறை வரவழைத்துப் பார்த்தார். மூன்று முறையும் கோமளா சூடாகத் தைலம் தேய்த்து, கோயில் வரை கூடவே நடந்து வந்தாள்.

மாசி மகத்தன்று ஒரு சொட்டுச் சிந்தாமல் பால்குடம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் கிளினிக் தராசு எழுபத்தேழு கிலோ இருநூறு கிராம் காட்டியது. தாதி கைதட்டினாள். அங்கமுத்து வாசலுக்கு வந்து நிம்மதியாக மூச்சு விட்டார்.

“ஆறு கிலோ எண்ணூறு கிராம். உன் இலக்கும் முடிஞ்சது, என் வேண்டுதலும் முடிஞ்சது. இனி ஆள விடு தாயே. நான் நேரா ரொட்டிக் கடைக்குப் போறேன்.”

“போங்க. தாராளமா சாப்பிடுங்க.”

நம்ப முடியாமல் நாலு அடி வைத்தார்.

“உங்க வேண்டுதல் முடிஞ்சது, சரிதான்” என்றாள் கோமளா பின்னாலிருந்து. “ஆறு கிலோ குறைஞ்சா நீங்க மூணு வருசம் பால்குடம் எடுப்பீங்கன்னு நான் வேண்டிக்கிட்டது அடுத்த மாசியிலதான் ஆரம்பிக்குது.”