மூக்கு சாரின் வண்டி

ராயபுரத்தில் கருவாட்டு லாரி போகும்போது மூக்கைப் பொத்தாமல் நின்று வேடிக்கை பார்த்த ஒரே மனிதர் மூக்கு சார்தான். கருவாட்டுக் கிடங்குக்கு மேலே யாருமே குடிவராத மாடி அறையைப் பார்த்ததும், "அருமையான இடம்" என்று பெட்டியை இறக்கினவர்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நான் துறைமுகத்தில் குமாஸ்தா. பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தேன். சார் ஏதோ கல்லூரியில் ஆராய்ச்சி. இயந்திரத்துக்கு மூக்கு வைக்கிற ஆராய்ச்சி.

"குழந்தைக்கு மல்லிப்பூ வாசனை இதுன்னு யாரு பாடம் நடத்துறாங்க? மோந்து மோந்து மூளை தானா பழகிக்குது. இதுவும் அப்படித்தான் கத்துக்கும்" என்பார்.

'இது' என்பது டிபன் பாக்ஸ் அளவில் நாலு சக்கர வண்டி. முன்னால் வாசனை பிடிக்கும் சில்லுகள். தெரிந்த வாசனை வந்தால் மணியடித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடும்.

அதற்குப் பாடம் நடத்தத் தெருவெல்லாம் வாசனை வசூல். மீன் வலை, பெயிண்ட், சாம்பிராணி, லைட்டர் காஸ், என் ஷூ. எல்லாவற்றையும் பாட்டிலில் அடைத்து, "இது எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று நம்மையே கேட்பார். வண்டி முதலில் தேறியது மீனில்தான். வீட்டுக்கார பிலோமினா அக்கா மார்க்கெட்டிலிருந்து வந்தால் போதும், துரத்தும்.

"ஏ நைனா, இதுக்குப் பூனையே தேவல. அதுக்கு பேட்டரி வோணாம்!"

ஒரு ஞாயிறு காலை மாடியில் மணி விடாமல் அடித்தது. படியேறும்போதே காஸ் நெடி. உள்ளே வண்டி அடுப்பு மேடையை முட்டிக்கொண்டிருந்தது. சாரோ நிதானமாக, "காஸுன்னு தப்பா சொல்லுது. புழுக்கம்தான் காரணம், ஃபேனைப் போட்டா சரியாயிடும்" என்று சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"தொடாதே!"

பின்னாலேயே வந்த அக்கா போட்ட சத்தத்தில் சாரின் கை அந்தரத்தில் நின்றது. அக்கா சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வண்டியை அள்ளிக்கொண்டு எங்களையும் மொட்டைமாடிக்குத் தள்ளினார்.

"ரூமே நாறுது, நீ பாட்டுக்கு குந்திகினு கீற! மூக்கு இன்னா வெளியூர் பூட்ச்சா?"

சார் தரையைப் பார்த்தார். "எனக்கு வாசனையே தெரியாதுக்கா. காலேஜ் படிக்கும்போது ஒரு காய்ச்சல். அதோட போயிடுச்சு."

அக்கா கையிலிருந்த வண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப தெனம் என் மீன் கொழம்ப ஆகா ஓகோன்னியே?"

"காரம் தெரியும்க்கா. அப்புறம்... நீங்க பாத்துக்கிட்டே நிப்பீங்களே."

அன்றிலிருந்து காலையும் மாலையும் மாடியேறி அடுப்பை மோந்து பார்ப்பது அக்காவின் வேலையானது. அதான் வண்டி இருக்கே என்று சார் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பெங்களூரில் வேலை கிடைத்து, சார் வண்டியோடு கிளம்பினார். ஆட்டோ திரும்பி மறைந்த பிறகும் அக்கா வாசலிலேயே நின்றார். அப்புறம் என்னிடம் கேட்டார்:

"அந்த ஊர்ல இந்தப் புள்ளைக்கு யாருப்பா அடுப்ப மோந்து பாப்பாங்க?"