பதினான்காவது வயர்

மனிதர்களில் பொருள் வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: வாங்கப்போகிறவர்கள். அந்த இனத்தின் தலைசிறந்த ஒருவரை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் மாடிவீட்டுக்காரர். தெருவில் அவருக்குப் பெயர் ‘பார்த்துட்டிருக்கேன்’. எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

அவர் மனைவிக்குப் பாலத்துக்கு அப்பால் ஒரு அச்சகத்தில் புத்தகம் தைக்கும் வேலை. முழங்கால் தேய்ந்தவர். பாலத்தின் ஏற்றம் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டே ஏறுவார். “மோட்டார் வச்சுத் தரேன், பேட்டரியை நானே கட்டறேன்” என்று நம்மவர் வாக்குக் கொடுத்தார். மோட்டாரை மாட்டவும் மாட்டினார். செல்களை வரிசை வரிசையாக அடுக்கி, நிக்கல் பட்டை வைத்து இணைத்தும் விட்டார். பாக்கி ஒன்றே ஒன்று: பி.எம்.எஸ். உள்ளங்கை அகல போர்டு. செல்கள் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகாமலும், ஒரேயடியாக வற்றிப்போகாமலும் பார்த்துக்கொண்டு, கோளாறு என்றால் கரண்டை வெட்டிவிடுகிற காவல்காரன். அது இல்லாவிட்டால் வீடே பற்றிக்கொள்ளலாம். எனவே பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாப்பாட்டு மேசையில் பேட்டரி உட்கார்ந்திருக்க, குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. முப்பது ஆம்பியர் போதுமா, நாற்பது வேண்டுமா, சார்ஜைப் போனில் பார்க்கிற வசதி தேவையா, அந்த வசதியே பேட்டரியை உறிஞ்சிவிடுமா, வெயிலில் நின்றால் சூடேறுமா, மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று அவர் இணையத்தில் துருவித் துருவி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதன் கீழே முகம் தெரியாத யாரோ ‘ஏமாந்துவிட்டேன்’ என்று எழுதியிருப்பார். போச்சு. மறுபடி முதலிலிருந்து.

“என்னங்க, வாங்கிட்டீங்களா?”

“பார்த்துட்டிருக்கேன். அவசரப்பட்டு வாங்கி, நடுரோட்டுல கட் ஆயிடுச்சுன்னா?”

“இப்ப மட்டும் ஓடிக்கிட்டா இருக்கு? இந்த வீட்டுக்கு நீங்கதாங்க பி.எம்.எஸ். எதை ஆரம்பிச்சாலும் கட் பண்ணிடறீங்க.”

அவர் கோபப்படவில்லை. பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

கடைசியில் ஒருநாள் போர்டு வந்தேவிட்டது. வேடிக்கை பார்க்க என்னையும் கூப்பிட்டார்கள். பேட்டரியில் பதினான்கு வரிசை. போர்டில் மெல்லிய வயர்கள் பதினான்கு. படத்தில் எண்ணிப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். ஒவ்வொரு வயராக அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டே போனார். கடைசி வரிசைக்கு வந்தபோது வயர் தீர்ந்துபோயிற்று. முதல் வயர் எந்த வரிசைக்கும் சொந்தமில்லை, அது மைனஸ் முனைக்குப் போவது. ஆக, பதினான்கு வயர் என்றால் பதின்மூன்று வரிசைக்கான போர்டு. விற்றவர்கள் இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தார்கள். முதல் வரியைப் படிக்க இவருக்கு ஏது நேரம்? இவர் அறுபதாவது கமெண்டில் அல்லவா இருந்தார்.

“என்னாச்சு?” என்றார் மனைவி.

“ஒண்ணுமில்ல. திருப்பி அனுப்பிடலாம். இந்தத் தடவை நல்லா பார்த்து...”

அந்த அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் வேலை முடிந்து அந்த அம்மா வந்து இறங்கியது ஒரு பழைய எலெக்ட்ரிக் சைக்கிளில். அச்சகத்தில் கூட வேலை செய்கிறவர் விற்றதாம். நம்மவர் அதை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

“இதுல என்ன பி.எம்.எஸ். போட்டிருக்கான்?”

“தெரியாதுங்க. பாலம் ஏறுது.”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், அந்தப் பழைய சைக்கிளில் என்ன போர்டு இருக்கும், விசாரிக்காமல் வாங்கலாமா என்று உங்களுக்கும் ஒரு நொடி தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், உங்கள் வீட்டில் யார் எந்த ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம்.